அனிமல் கிங்டம் கொரில்லா பாதை: எவ்வளவு நேரம், எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

கேள்வி இது: டிசம்பரில் ஃப்ளோரிடா போகிறோம். டிஸ்னி அனிமல் கிங்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா (இருவருக்கும் 70 தாண்டியது, அம்மாவுக்கு முழங்கால் வலி), 6 வயதுப் பையன் கூட வருகிறார்கள். சஃபாரி வண்டியில் எப்படியும் ஏறுவோம். பக்கத்திலேயே கொரில்லா பார்க்கும் நடைபாதை இருக்கிறதாமே, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா? 10 நிமிடத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள் சிலர், ஒன்றரை மணி நேரம் இருந்தோம் என்கிறார்கள் வேறு சிலர். யாரை நம்புவது?

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கொரில்லா ஃபால்ஸ் எக்ஸ்ப்ளோரேஷன் டிரெயில் என்ற அந்தப் பாதையின் நீளம் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிற்காமல் நடந்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நிற்கத் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரமும் போதாது. உங்கள் குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதியைக் கொரில்லாக்களுக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். நுழைவுச்சீட்டிலேயே இது அடக்கம். தனிக் கட்டணம் இல்லை, உயரக் கட்டுப்பாடு இல்லை, லைட்னிங் லேன் (காசு கொடுத்து வரிசையை முந்தும் வசதி) என்ற பேச்சே இல்லை. வரிசை கிடையாது என்பதாலேயே பலர் இதைச் 'சும்மா ஒரு பாதை' என்று கடந்து போகிறார்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் 'பங்கானி ஃபாரஸ்ட்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதேதான். பூங்கா 1998 ஏப்ரல் 22 அன்று திறந்தபோது கொரில்லா ஃபால்ஸ் என்று பெயர். சீக்கிரமே பங்கானி ஆனது. 2016-இல் மறுபடி பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பூங்காவை உருவாக்கியபோது தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் ஜோ ரோடி. அவருடைய குழு 'ஹராம்பே' என்று ஒரு கற்பனைக் கிழக்காப்பிரிக்க ஊரை எழுப்பியது. கென்யாவின் லாமு போன்ற சுவாஹிலிக் கடற்கரை ஊர்கள் அதற்கு மாதிரி. சஃபாரி, கொரில்லா பாதை, சிறிய ரயில் மூன்றும் அந்த ஊரை ஒட்டியே இருக்கின்றன.

சஃபாரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், நாளைத் திட்டமிட அது உதவும். சஃபாரி சுமார் 20 நிமிடம், 100 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். ஆனால் வண்டி ஓட்டுநரின் வேகத்தில்தான் எல்லாம். சிங்கம் தலை தூக்கும் நொடியில் வண்டி நகர்ந்திருக்கும். பாதையில் நேரம் உங்கள் கையில். அங்கே தூரத்துப் புள்ளியாகப் பார்க்கும் நீர்யானையை இங்கே கண்ணாடிக்கு அப்பால் ஒரு கை எட்டும் தொலைவில் பார்க்கலாம். சஃபாரியில் கொரில்லாவே கிடையாது.

நேரம். கொரில்லாக்களின் நாள் காட்டிலும் சரி, இங்கும் சரி, ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: காலையில் மேய்ச்சல், நடுப்பகலில் ஓய்வு, பிற்பகலில் மறுபடி மேய்ச்சல். 12 மணியிலிருந்து 2 மணி வரை போனால் புதருக்குப் பின்னால் ஒரு கறுப்பு முதுகு தெரியும், அவ்வளவுதான். காலையில் பூங்கா திறந்ததும் சஃபாரி, இறங்கியதும் நேரே இந்தப் பாதை என்பதே உங்களுக்கு நல்ல வரிசை. சஃபாரி வெளிவாசலுக்குப் பக்கத்திலேயே பாதையின் நுழைவு இருப்பதால் அம்மாவுக்கு நடையும் மிச்சம். இதில் ஒரு சிக்கல் வரும். பூங்காவும் சஃபாரியும் 8 மணிக்குத் திறக்கும் நாட்களில் பாதை அதற்குப் பிறகு திறப்பது உண்டு. முந்தைய இரவே டிஸ்னி ஆப்பில் பாதை திறக்கும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் ஹராம்பேயில் காபி குடித்துக்கொண்டு உட்காருங்கள். 'சரி, அப்புறம் வரலாம்' என்று பூங்காவின் மறுகோடிக்குப் போனால் திரும்பி வர மாட்டீர்கள்.

மாலையில் இதற்கு நேர்மாறான சிக்கல். பூங்கா மூடுவதற்கு வெகு முன்பே பாதை மூடிவிடும். டிசம்பரில் ஓர்லாண்டோ பக்கம் 5:30 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், விலங்குகளை அதற்கு முன் உள்ளறைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். கொரில்லாக்கள் இரவைக் கட்டடத்துக்குள்தான் கழிக்கின்றன. ஆகவே 'கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது டிசம்பரில் நடக்காது. கிறிஸ்துமஸ் வாரம் என்றால் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். காலையை விட்டால் பிற்பகல் 3 மணி அடுத்த நல்ல நேரம். இன்னொன்று, டிசம்பர்க் காலைகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் சில விலங்குகளை வெயில் ஏறிய பிறகுதான் வெளியே விடுவார்கள். அன்று 10 மணிக்கு மேல் நுழைவது புத்திசாலித்தனம். அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுங்கள், பகல் 11 மணிக்கு அதைக் கழற்றிப் பையில் போடவும் இடம் வையுங்கள்.

நுழைவதற்கு முன் ஹராம்பேயிலேயே கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள், பாதைக்குள் அதை நம்பிப் போக வேண்டாம். சோடா விற்கும் எந்தக் கவுன்டரிலும் கேட்டால் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் காசில்லாமல் தருவார்கள். அதற்குப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கேட்காதீர்கள், இந்தப் பூங்காவில் கிடையாது. பலூனும் அப்படித்தான். காற்றில் பறந்து போய் வேலிக்குள் விழுந்தால் ஏதாவது ஒரு விலங்கு அதை விழுங்கிவிடும். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி இரண்டும் பாதை முழுக்கப் போகும். படிக்கட்டு இல்லை, ஆனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. அம்மா வழக்கமாக நடப்பவராக இருந்தாலும் பூங்கா வாசலிலேயே ஒரு சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். 'எனக்கெதற்கு அதெல்லாம்' என்பார். இந்தப் பாதையின் அரை கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை. வாசலிலிருந்து ஹராம்பே வரை வந்து, சஃபாரி வரிசையில் நின்று, அதன் பிறகு நடக்கும் அரை கிலோமீட்டர்தான் முழங்காலைப் பிடிக்கும். கொரில்லா கண்ணாடி முன்னால் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கவும் அந்த நாற்காலி உதவும்.

உள்ளே முதலில் வரும் விலங்குகளைத்தான் மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். கொரில்லா பலகையைப் பார்த்ததும் கால் தானாக வேகமெடுத்துவிடுகிறது. நிழலான ஒரு அடைப்பில் சாக்லேட் நிறத்தில், பின்தொடையில் மட்டும் வெள்ளைக் கோடுகளோடு ஒன்று நிற்கும். வரிக்குதிரை என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அது ஒகாபி. ஒட்டகச்சிவிங்கிக்கு இன்று உயிரோடு இருக்கும் ஒரே நெருங்கிய உறவு. காங்கோ ஜனநாயகக் குடியரசின் மழைக்காடுகளைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. 1901-இல் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தபோது, கோடு போட்ட தோலை மட்டும் வைத்துக்கொண்டு குதிரைப் பேரினத்தில்தான் சேர்த்தார்கள். மண்டை ஓடு கைக்கு வந்த பிறகுதான் உறவு யாரோடு என்று தெரிந்தது. ஆகவே உங்கள் பையன் 'ஸீப்ரா' என்று கத்தினால் திட்டாதீர்கள்.

அங்கே 5 நிமிடம் நில்லுங்கள். இலை பறிக்கும்போது நாக்கைப் பாருங்கள், ஒன்றேகால் அடிக்கும் மேல் நீளம், தன் கண்ணையும் காதையும் தானே நக்கிக்கொள்ளும். நெற்றியில் தோல் மூடிய சின்னக் கொம்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். உருவத்தில் பெண்தான் பெரியது. 6 வயதுக்காரருக்கு ஏற்ற செய்தி ஒன்று: ஒகாபிக் குட்டி பிறந்து முதல் ஒரு மாதத்துக்கு மேல் சாணமே போடாது. வாசனை பிடித்துச் சிறுத்தை வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு என்று விளக்குகிறார்கள். தாய் குட்டியோடு பேசும் குரல் நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது.

இதே பகுதியில்தான் மஞ்சள் முதுகு டைக்கர் என்ற குட்டையான காட்டு மான் வகையும், கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகளும். இவற்றை அடுத்தடுத்து வைத்திருப்பது பொருத்தம்தான். காட்டில் குரங்குக் கூட்டம் மேலே பழம் தின்னும்போது டைக்கர்கள் கீழே பின்தொடர்ந்து சிந்தியதைப் பொறுக்கும். கொலோபஸின் கையைக் கவனியுங்கள், பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புடைப்பு மட்டும். கிளையிலிருந்து கிளைக்குத் தாவ மற்ற நான்கு விரல்களே கொக்கி. பசுவுக்கு உள்ளதுபோல் அறை பிரிந்த வயிறு, அதில் இலைகளைப் புளிக்கவைத்துத்தான் செரிக்கிறது. அதனால் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். முழுக்க வெள்ளையாக ஒரு குட்டி தாயின் மடியில் தெரிந்தால் அது புதிதாகப் பிறந்தது. நிறம் மாறச் சில மாதம் ஆகும்.

அடுத்து ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் ஒரு சிறிய கட்டடம். மேஜை, குறிப்பேடு, கடிதம், வரைபடம் எல்லாம் கற்பனை ஆராய்ச்சியாளருக்கான அலங்காரம், விருப்பமிருந்தால் படிக்கலாம். உண்மையான சரக்கு சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் ஓடுகிறது: மயிரில்லா வளை எலிகள், நேக்கட் மோல் ராட். முதல் பார்வைக்கு அருவருப்பாக, சுருங்கிய விரல்போல் இருக்கும். பலர் 'அய்யே' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். உயிரியல் படித்தவர்கள் இந்த ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

தேனீக்களைப் போலக் குடும்பம் நடத்தும் பாலூட்டி இது. ஒரே ஒரு ராணிதான் குட்டி போடும். மற்றவை வளை தோண்டும், குட்டி பார்க்கும், காவல் காக்கும். பெட்டிக்குள் ராணியைக் கண்டுபிடிக்க எளிய வழி: உடம்பு நீண்டு, வழியில் எதிர்ப்படுபவற்றின் மேலேயே ஏறிப் போவது எதுவோ அது. பெரும்பாலும் எல்லாம் குவியலாகப் படுத்திருக்கும் அறையில் இருக்கும். இப்படிக் குவிந்து படுப்பது சூட்டுக்காக. பாலூட்டியாக இருந்தும் உடல் வெப்பத்தைத் தானாகச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் இதற்கு மிகக் குறைவு. பல்லைப் பாருங்கள், உதடு பல்லுக்குப் பின்னால் மூடுகிறது. அதனால்தான் பல்லால் மண்ணைத் தோண்டினாலும் வாய்க்குள் மண் போகாது. கீழ்ப்பற்கள் இரண்டையும் தனித்தனியாக அசைக்கும். குழாய்க்குள் முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும், இது பையனுக்குப் பிடிக்கும். வீட்டுச் சுண்டெலி மூன்றாண்டு வாழ்ந்தால் பெரிது. இவை ஆய்வகங்களில் 30 ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கின்றன. ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாக்குப்பிடித்ததும் பதிவாகியிருக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போடாதீர்கள், போட்டாலும் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழும்.

பிறகு பறவைக் கூடம். இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது மூடிய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு முந்தினால் பறவை வெளியேறிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்களை உள்ளே விடுவதில்லை, தேவைப்படுபவர்களுக்குப் பணியாளர்கள் வழி சொல்வார்கள். உள்ளே எல்லாரும் மேலே அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். நீங்கள் தண்ணீர்க் கரையோரம் பாருங்கள். பொன்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பறவைகள் புல்லைக் கிழித்துக்கொண்டு பறந்துகொண்டிருந்தால் அவை டவேட்டா தூக்கணாங்குருவிகள். கிளிமஞ்சாரோவை ஒட்டிய கென்யா, தான்சானியா எல்லைப் பகுதிதான் அவற்றின் ஊர். நம்மூர்ப் பனைமரத்தில் நீளக் குழாயோடு கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவியும் இதே குடும்பம்தான், அப்பா பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். இதன் கூடு அவ்வளவு நீளமில்லை, உருண்டையாக, நீருக்கு மேல் தொங்கும். பின்னுவது ஆண்தான். பச்சைக் கூடு புதியது, பழுப்பானது பழையது. நிறைய அரைகுறைக் கூடுகள் கண்ணில் படும், அதெல்லாம் பெண் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவையாக இருக்கலாம். வேறு என்னென்ன பறவைகள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். பட அடையாளப் பலகையைப் பார்த்து ஐந்தே ஐந்தைத் தேடச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் தேடச் சொன்னால் பையன் சலித்துவிடுவான். படம் எடுப்பவர் பறவையைத் துரத்த வேண்டாம். ஒரு கூட்டுக்கு நேரே போனை நிறுத்திக் காத்திருந்தால் பறவை தானாகச் சட்டகத்துக்குள் வரும்.

நீர்யானைக் கண்ணாடியில் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பராமரிப்பு சரியில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு நீர்யானை ஒரு நாளைக்குத் தின்பது 40 கிலோ அளவுக்குப் புல், வெளியேற்றுவதைத் தண்ணீரிலேயே வாலால் வீசி விசிறிவிடும். எந்த வடிகட்டியும் அதற்கு ஈடு கொடுக்கத் திணறும். உள்ளே சுற்றும் மீன்களும் அந்தச் சாணத்தைத் தின்று கொஞ்சம் உதவுகின்றன. நீர்யானைக்கு நீந்தத் தெரியாது என்பதை இந்தக் கண்ணாடியில் கண்ணால் பார்க்கலாம்: தரையை உதைத்துத் துள்ளித் துள்ளித் தண்ணீருக்கடியில் நடக்கும், ஒன்றரை டன் உடம்பு பஞ்சுபோல எழும்பும். 5 நிமிடம் வரை மூச்சடக்கும். தூக்கத்திலேயே மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு விழிக்காமல் மறுபடி மூழ்கும். கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேல்பக்கம் ஒரே மட்டத்தில் இருப்பது எதற்கென்று அப்போது விளங்கும். தோலில் சிவப்பாக ஏதோ வழிந்தால் காயமில்லை, வெயிலிலிருந்தும் கிருமியிலிருந்தும் காக்கும் சுரப்பு. நீர்யானை தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம், நகருங்கள்.

நடுவில் ஒரு திறந்தவெளிப் பார்வை மேடை வரும். கிரேவி வரிக்குதிரை போன்ற புல்வெளி விலங்குகள் நிற்கும். சஃபாரியில் பார்த்தது போதும் என்றால் இரண்டு நிமிடம் போதும். கோடுகள் நெருக்கமாக, காது பெரிதாக வட்டமாக, வயிறு வெள்ளையாக இருந்தால் அது கிரேவி.

இப்போது கொரில்லா. இங்கே இருப்பவை மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள், கேமரூன், காபோன், காங்கோ பக்கத்தவை. மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. இறைச்சி வேட்டை, எபோலா, காடழிப்பு மூன்றும் சேர்ந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. இரண்டு தனித்தனிக் கூட்டங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று குடும்பம்: ஒரு சில்வர்பேக் (முதுகில் வெள்ளி படர்ந்த வளர்ந்த ஆண்), பெண்கள், குட்டிகள். மற்றது ஆண்கள் மட்டும். இதை ஏன் பிரித்தார்கள் என்று பலர் கேட்பார்கள். பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவன்தான். மீதி ஆண்கள் எங்கே போவார்கள்? காட்டில் தனியாக அலைவார்கள். விலங்குக் காட்சியகங்களில் அவர்களை ஆண் கூட்டமாகச் சேர்த்து வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் எந்தக் கொரில்லா எங்கே யாரோடு வாழ வேண்டும் என்பதைக் காட்சியகங்கள் கூட்டாகத் திட்டமிட்டு முடிவு செய்கின்றன, டிஸ்னி பூங்காவும் அதில் உண்டு.

முதலில் குடும்பத்தைப் பார்க்கும் பெரிய கண்ணாடி. இங்கேதான் கூட்டம் அடைத்துக்கொள்ளும். கலங்காதீர்கள். கூட்டம் அலை அலையாகத்தான் வரும். சஃபாரி வண்டி ஒவ்வொன்றும் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை இறக்கிவிடுகிறது, அவர்கள் சேர்ந்தே நகர்வார்கள். ஐந்தாறு நிமிடம் ஓரமாக நின்றால் அந்த அலை போய்விடும், அடுத்தது வருவதற்குள் முன்வரிசை உங்களுக்குக் கிடைக்கும். நடுவில் முண்டுவதைவிட ஓர மூலையைப் பிடிப்பது நல்லது, பிரதிபலிப்பும் அங்கே குறைவு.

கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை என்றால் உடனே போய்விடாதீர்கள். அடைப்பு பெரியது, பாறையும் புதரும் நிறைய, கொரில்லாவுக்கு மறைந்துகொள்ள உரிமை கொடுத்தே கட்டியிருக்கிறார்கள். காக்கி உடையில் நிற்கும் பணியாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இப்போது சில்வர்பேக் எந்தப் பக்கம், அடுத்து எப்போது உணவு போடுவீர்கள். தீனியை ஒரே இடத்தில் குவிக்காமல் இறைத்துவிடுவார்கள், தேடித் தின்ன வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில்தான் எல்லாரும் வெளியே வருவார்கள். பெயர், வயது, யார் யாருக்குப் பிள்ளை என்ற வம்சாவளி முழுக்க அவர்களுக்கு மனப்பாடம். மூக்கின் மேலுள்ள சுருக்கங்களை வைத்து ஆளை அடையாளம் காண்பது எப்படி என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள், நம் கைரேகைபோல ஒன்றுக்கொன்று மாறும்.

சில்வர்பேக்கை அறிய முதுகைப் பாருங்கள். ஆணுக்கு 12, 13 வயதை ஒட்டித்தான் முதுகில் வெள்ளி படரும். எடை 150 கிலோவைத் தாண்டும், பெண் அதில் பாதிதான். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ அதைச் சுற்றித்தான் மற்றவர்கள் இடம் பிடிப்பார்கள். கை கால்களை விறைப்பாக ஊன்றி, உதட்டை இறுக்கி, பக்கவாட்டில் நின்றால் அது அதட்டல். இருமல்போல் ஒரு உறுமல் வந்தால் 'தள்ளிப் போ' என்று பொருள், பெரும்பாலும் அது குட்டிகளுக்குத்தான். நெஞ்சில் அடிக்கும்போது கையைப் பாருங்கள், முஷ்டி பிடித்திருக்காது, குழித்த உள்ளங்கைதான்.

ஒரு கொரில்லா தின்றதை வாந்தி எடுத்து மறுபடி தின்பதைப் பார்க்க நேரிடலாம். நோய் என்று பயந்து பணியாளரைத் தேடி ஓட வேண்டாம், பையனிடம் கண்ணை மூடச் சொல்லவும் வேண்டாம். காட்சியகக் கொரில்லாக்களிடம் இது பரவலாகக் காணப்படும் பழக்கம். காட்டில் நாள் முழுக்க இலை மென்றுகொண்டிருக்கும் விலங்குக்கு இங்கே உணவு சீக்கிரம் முடிந்துவிடுவதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். இலை தழை கூடக்கூட இது குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக் கூடாதவை சில. கண்ணாடியைத் தட்டாதீர்கள், பையன் தட்டினால் கையைப் பிடியுங்கள். சில்வர்பேக்கின் கண்ணை நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டாம், கொரில்லா மொழியில் அது சண்டைக்கு இழுப்பது. நெஞ்சில் அடித்துக்காட்டி வேடிக்கை செய்யும் பெரியவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், சில்வர்பேக் ஓடி வந்து கண்ணாடியில் மோதினால் உடையாது, ஆனால் முன்னால் நிற்கும் குழந்தை ஒரு வாரம் தூங்காது. குனிந்தோ உட்கார்ந்தோ, பார்வையைக் கொஞ்சம் சாய்த்து, அமைதியாக இருங்கள். குட்டிகளுக்கு ஆர்வம் அதிகம், தம் உயரத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி வரை வந்து பார்ப்பது உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்கு இங்கே கூடுதல் வாய்ப்பு.

படத்துக்கு: போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, மறு கையால் சுற்றி மறையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். வெளிர்நிறச் சட்டை போட்டவர் பின்னால் நின்றால் படத்தில் அவரும் வருவார். கறுப்பு விலங்கு என்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிப் பின்னணியை வெளுக்க வைக்கும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏசி வைத்த பேருந்திலிருந்து இறங்கிய உடனே எடுத்தால் லென்ஸில் பனி படியும், ஃப்ளோரிடாவின் ஈரப்பதம் அப்படி. துடைத்துக்கொண்டே இருக்காமல் பத்து நிமிடம் வெளியில் விட்டால் தானே தெளியும்.

கண்ணாடியைத் தாண்டியதும் தொங்கு பாலம். நடக்கும்போது லேசாக அசையும். அகலமானது, பக்கத் தடுப்பு பலமானது, சக்கர நாற்காலியும் போகும். அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே 'அசையும்' என்று சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் நடுவில் நின்றுவிடுவார்கள். பின்னால் ஓடும் சிறுவர்கள் கடந்த பிறகு ஏறினால் ஆட்டம் குறைவு. பலர் இதை வெறும் வழியாக நினைத்துக் கடப்பார்கள், ஆனால் ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் ஆண் கூட்டம் என்று இரண்டையும் கண்ணாடி இல்லாமல் பார்க்கும் இடம் இதுதான். இடையில் இருப்பது பள்ளமும் செடியும், வேலி கண்ணில் படாதபடி தாழ்த்தி மறைத்திருக்கிறார்கள். நல்ல லென்ஸ் உள்ளவர் படம் எடுக்க வேண்டியது இங்கே. தொப்பியையும் போனையும் இறுக்கிப் பிடியுங்கள், கீழே விழுந்தால் பணியாளர்களைத்தான் கூப்பிட வேண்டும், விலங்கு உள்ளே போகும் வரை எடுக்க முடியாது.

ஆண் கூட்டத்தின் பக்கம் பொதுவாகக் கூட்டம் குறைவு. குட்டி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சில்வர்பேக்குகளைப் பார்ப்பது அரிது. ஒருவன் நடந்து வந்தால் மற்றவன் எப்படி விலகுகிறான், எவ்வளவு இடைவெளி விடுகிறான் என்று மட்டும் பாருங்கள், யார் மேல் யார் கீழ் என்பது பத்து நிமிடத்தில் புரியும். சிறைப்பட்ட வளர்ந்த ஆண் கொரில்லாக்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் இதயநோய். அதனால் பல காட்சியகங்களில் மயக்க மருந்து இல்லாமலே நெஞ்சை வலைக்கு ஒட்டிக் காட்டி ஸ்கேன் எடுத்துக்கொள்ளப் பழக்குகிறார்கள். பணியாளர் ஓய்வாக இருந்தால் இதைப் பற்றிக் கேளுங்கள், சுவையாகப் பேசுவார்கள்.

பையனுக்கு 'வைல்டர்னஸ் எக்ஸ்ப்ளோரர்ஸ்' என்ற இலவசக் கையேட்டைப் பூங்காவுக்குள் நுழைந்ததுமே வாங்கிவிடுங்கள். சிறு சிறு வேலை செய்தால் பட்டை (பேட்ஜ் ஸ்டிக்கர்) ஒட்டித் தருவார்கள், இந்தப் பாதையிலும் நிலையங்கள் உண்டு. ஆனால் அவன் பட்டைக்காக ஓட ஆரம்பித்தால் கொரில்லாவைப் பார்க்க மாட்டான். பாதையில் ஒன்றோ இரண்டோ போதும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் மறுபடி ஹராம்பே பக்கமே வெளியே வருவீர்கள். மணி 11-ஐ ஒட்டியிருக்கும், சாப்பாட்டுக் கூட்டம் சேரும் முன் உட்கார்ந்துவிடலாம். டஸ்கர் ஹவுஸ் பஃபேயில் சைவ வகைகளும் இருக்கும், அதற்கு முன்பதிவு தேவை. அன்று கொரில்லாக்கள் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். பிற்பகல் 3 மணிக்கு முன்பகுதியை எல்லாம் வேகமாகக் கடந்து நேரே கண்ணாடிக்கும் பாலத்துக்கும் போய்விட்டு வரலாம். அந்த இரண்டாவது சுற்றுக்கு அம்மாவை இழுக்காதீர்கள், ஹராம்பேயில் நிழலில் உட்கார வைத்துவிட்டு அப்பாவும் பையனும் போகட்டும்.